நம்ம கடைப் பவுடர்

என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தியம்மா சொன்னபோது என் கையில் ஒரு காகித டம்ளர் இருந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்ற எல்லோருக்கும் எவர்சில்வர் டவரா டம்ளரில் காப்பி வந்தது. எனக்கு மட்டும் காகித டம்ளர். குடித்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா, அதற்காக.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்கள் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"தப்பா எடுத்துக்காதீங்க மதினி," என்றார் சம்பந்தியம்மா. அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "உங்க முகத்துலயும் கையிலயும் இருக்கிறது என்னன்னு உங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. பச்சைக் குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பொறுப்பு? வளைகாப்பை இங்கேயே வச்சிடுறோம். பிரசவமும் இங்கேயே ஆகட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

பெற்றவளைப் பார்த்து, வந்து பாத்துட்டுப் போங்க என்கிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, அன்றைக்கே பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம். அதை ஒருவர் மறுக்கிறார் என்றால், அந்த வீட்டில் ஏதோ ஆகாதது இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதாக அர்த்தம்.

மகள் சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கல்யாணம் செய்து, திருநெல்வேலியில் ரயில் ஏற்றிவிட்ட நாளிலிருந்தே நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய் திறக்காது. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியதுகூடக் கிடையாது. சம்பந்திவீட்டு ஐயாவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர் செருப்பு எப்படி இருக்கும் என்று சொல்வேன், முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிப்பேன்.

என் முகத்தில் இருந்தது என்ன என்று சொல்ல வேண்டும்.

மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் என் வீட்டுக்காரர் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். ரிப்பன், ஹேர்பின், கண்ணாடி வளையல், ஸ்டிக்கர் பொட்டு, சோப்பு, சென்ட் என்று எல்லாம் இருக்கும். ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது கஸ்தூரி பவுடர்தான். கிண்டிப் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய டிரம்மில் வரும். கரண்டியால் அள்ளி நிறுத்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார். கஸ்தூரி என்று பெயர்தானே தவிர, அது எந்த மானையும் பார்த்ததில்லை. ஆலையில் மருந்து கலந்து செய்கிற வாசனை. ஆனாலும் என்ன வாசனை! மூடியைத் திறந்தால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சபாவுக்குக் கச்சேரி கேட்கப் போகிற மாமிகள் போகிற வழியில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். நனைத்துத் துவைத்தாலும் சேலையை விட்டுப் போகாது.

கடைக்காரர் பெண்டாட்டிக்குப் பவுடருக்கா பஞ்சம்? காலையில் குளித்ததும் முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் பூசுவேன். மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது இன்னொரு தடவை. அந்த நேரத்துக்குக் குளத்தைச் சுற்றி ஒரு பொட்டு நிழல் இருக்காது. போகும்போதே பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கும்.

முதலில் அரிப்புதான் வந்தது. பிறகு சிவந்து தடித்தது, நீர் கோத்து வடிந்தது. ஆறினால் அந்த இடம் கறுத்து, யானைத்தோல் மாதிரி சொரசொரவென்று ஆனது. மறுபடி சிவந்தது. கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பிடிக்காமல் போயிற்று. அதை மறைக்க என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் பவுடர் பூசினேன். வெளியே கிளம்புமுன் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி பூசினேன்.

ஒருத்தி அம்மை என்றாள், வேப்பிலையில் படுத்தேன். இன்னொருத்தி நாகதோஷம் என்றாள், உச்சிவெயிலில் புற்றுக்குப் பால் ஊற்றிச் சுற்றி வந்தேன். அன்று சாயந்திரம் முகம் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. நாகருக்கு என்மேல் கோபம் அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தெரு டாக்டர் கொடுத்த களிம்பில் அடங்கும். கேரியரோடு நாலு நாள் நடந்தால் திரும்ப வந்துவிடும். விரல் மழுங்கிப்போகிற அந்தக் கெட்ட வியாதியின் பெயரை மட்டும் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சம்பந்தியம்மா கொடுத்த காகித டம்ளர் அதைத்தான் சொன்னது.

அன்று வீடு திரும்பும்போது, எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டாள். என்னைவிட இளையவள். அவள் பேச்சுக்குத் தெருவே பயப்படும்.

"இன்னாமா, எழவு வூட்லர்ந்து வர்ற மாரி வர்ற?"

தனியாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் வாய் வரும். சொன்னேன். சொல்லும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"உன் சம்பந்தி கீதே, அது இன்னா டாக்டருக்கா பட்ச்சிது?" என்று இஸ்திரிப் பெட்டியை டங்கென்று வைத்தாள். "நாளைக்கு எங்கூட வா. பெரியாஸ்பத்திரில தோலுக்குன்னே தனியா ஒரு எடம் கீது. என் தங்கச்சி புருசனுக்கு அங்கதான் காட்னோம்."

"வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"கேளு கேளு. உன் பொண்ணு புள்ள பெத்து, அந்தப் புள்ளைக்கும் கண்ணாலம் ஆவற வரைக்கும் கேட்டுக்கினே இரு."

மறுநாள் போனேன்.

தோல் பிரிவில் இருந்தது ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்டு, கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். எத்தனை நாளாக, எப்போது அதிகம், எப்போது குறைவு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று என் மோவாயில் விரலை வைத்து முகத்தை மேலே தூக்கினார். தாடைக்கு அடியில் பார்த்தார். காது மடலை மடக்கிப் பின்னால் பார்த்தார். ரவிக்கைக் கையைச் சற்று மேலே ஏற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

நான் பயந்துபோனேன். என் முகத்தைப் பார்த்து யாரும் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. இது ஒட்டாது," என்றார். "நல்லாப் பாருங்க. நெத்தியில இருக்கு, கன்னத்துல இருக்கு. தாடைக்குக் கீழே இல்ல. காதுக்குப் பின்னால இல்ல. ரவிக்கைக்குள்ள இல்ல. வெயில் படுற இடத்துல மட்டும்தான் இருக்கு. ஆனா வெயில் மட்டும் காரணம்னா மெட்ராஸ்ல எல்லாருக்கும் வந்திருக்கணுமே? வெயிலோட ஏதோ ஒண்ணு கூட்டுச் சேர்ந்திருக்கு. அதைப் பிடிக்கணும். வீட்டுல உங்க உடம்புல படுற சாமான் எல்லாத்தையும் கொண்டு வாங்க. ஒண்ணு விடாதீங்க."

ஒன்று விடாமல்தான் கட்டினேன். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற தூள், மஞ்சள், குங்குமம், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், சீயக்காய், பூஜை அறைச் சந்தனக்கட்டை, தலைவலித் தைலம் எல்லாவற்றையும் பெரிய மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"இன்னாமா, வூட்டையே காலி பண்ணிக்கினு வந்துட்ட?" என்றாள் இஸ்திரிக்காரி.

ஒவ்வொன்றிலும் துளி எடுத்து, முதுகில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி வரிசையாக ஒட்டினார்கள். முதுகைத் திறந்து காட்டி உட்காருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. என் வீட்டுக்காரர்கூட வெளிச்சத்தில் என் முதுகைப் பார்த்ததில்லை. பிறகு ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து ஒரு விளக்கைக் காட்டினார்கள். மறுபக்கத்தில் வெளிச்சம் படாமல் மூடி வைத்தார்கள். வெயிலுக்குப் பதில் அந்த விளக்கு.

அப்படியும் இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. ஒன்றும் கிளம்பவில்லை. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். என் மகள் அந்த வீட்டிலேயே இடுப்புவலி கண்டு, நான் வாசலில் விருந்தாளி மாதிரி நிற்பது கண்முன் வந்தது.

முதுகில் இருந்ததைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தவர் கை என் பிடரியில் நின்றது. கழுத்து மடிப்பில் எதையோ சுரண்டினார்.

"இது என்ன, வெள்ளையா?"

"பவுடர்ங்க."

"பவுடர் போடுவீங்களா? அதை ஏன் கொண்டு வரல?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது வெளியில வாங்கினது இல்லீங்களே," என்றேன். "நம்ம கடைப் பவுடர்."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். இஸ்திரிக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்ய! கொலகாரனை நடு வூட்ல ஒக்கார வச்சி சோறு போட்டுக்கினு, தெரு பூரா திருடனைத் தேடிக்கினு கீறோம்!"

சிரிக்காதீர்கள். கடை வைத்துப் பிழைக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் இப்படித்தான். ஊரில் விற்கிற எல்லாச் சரக்கிலும் கலப்படம் இருக்கும், நம்ம கடைச் சரக்கில் மட்டும் இருக்காது. நமக்குச் சோறு போடுகிற சாமான்மேல் சந்தேகப்படுவது, பெற்ற பிள்ளைமேல் சந்தேகப்படுகிற மாதிரி.

மறுபடி முதுகு. இந்தத் தடவை பவுடரையும், டாக்டரம்மா தம்மிடம் வைத்திருந்த சில வாசனை மருந்துகளையும் தனித்தனியாக ஒட்டினார்கள். திரும்பவும் விளக்கு. பிரிக்கிற நாளில் என்னால் பார்க்க முடியாதே, இஸ்திரிக்காரிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"வெளக்கு காட்டாத பக்கம் ஒண்ணுமே இல்லமா. இந்தப் பக்கம்... யம்மாடி! பவுடர் வச்ச எடம் ரூபாக் காசு கணக்கா செவந்து பொங்கிக்கினு கீது. அதுக்குக் கீழ இன்னொண்ணு, அதே மாரி!"

அந்த இன்னொன்றுதான் கஸ்தூரி வாசனைக்காக ஆலையில் செய்கிற மருந்து. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு நேராக உட்கார்ந்து சொன்னார்.

"இந்த மாதிரி செயற்கைக் கஸ்தூரியில பல வகை இருக்கும்மா. எல்லாமே இப்படிச் செய்யாது. இந்த ஒண்ணு, தோல்மேல இருக்கும்போது வெயில் பட்டா சிலருக்கு இந்த மாதிரி கிளப்பிவிடும். வெளிநாட்டுல இதைத் தோல்ல படுற சாமான்ல சேர்க்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல சல்லிசாக் கிடைக்குதுன்னு இன்னும் கலக்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் தினம் அதைத் தொடுறார், அவருக்கு ஒண்ணும் ஆகல. எல்லாருக்கும் வராது. உங்க உடம்பு அதை விரோதின்னு தெரிஞ்சு வச்சுக்கிச்சு. இனிமே விடாது."

இன்னொன்றும் சொன்னார். இந்த வாசனைகளில் சில, உடம்புக் கொழுப்பில் தங்குகிறதாம். தாய்ப்பாலில்கூடப் பார்த்திருக்கிறார்களாம். அதனால் என்ன கெடுதல் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் வேண்டாததை எதற்குச் சேர்க்க வேண்டும் என்றார். அதை நான் மனசில் முடிந்துகொண்டேன்.

ஒட்டாது. அந்த ஒரு சொல் போதும் எனக்கு. மயிலாப்பூர் வரைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு சாமானாக எடுத்து மோந்து பார்த்தேன். அலமாரியில் துணிக்கு நடுவே போட்டிருந்த வாசனைப் பொட்டலத்தில் அதே வாசனை. ஊதுவத்தியில் இருந்தது. துணி அலசுகிற நீலத் திரவத்தில் கொஞ்சம்போல இருந்தது. டாக்டரம்மா, "மூக்கை மட்டும் நம்பாதீங்க, அதுக்குத் தெரியாமலும் இருக்கும்" என்று சொல்லியிருந்தார். அதனால் வாசனை போட்டது எதுவானாலும் வாசலுக்கு வெளியே போயிற்று. வீடு காலியானது மாதிரி இருந்தது. பிறகுதான் அடுப்படியில் தாளிக்கிற கறிவேப்பிலை கூடம் வரை வந்தது.

கடையிலிருந்து வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்னட்டி சொல்லுத? நம்ம கடைப் பவுடரையா அந்த டாக்டரம்மா சொல்லுதாவ?"

"ஆமா."

"நான் எத்தனை காலமா விக்கேன்! ஒருத்தியாவது வந்து கேட்டிருப்பாளா?"

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் எதிர்வார்த்தை சொன்னதில்லை. அன்று சொன்னேன். "நான் ஒருத்தி கேக்கேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டார். மோர் ஊற்றும்போது, "ஆனி முகூர்த்தச் சீசன் வருது, டிரம் நெறயச் சரக்கு இருக்கு," என்றார் சோற்றைப் பார்த்துக்கொண்டே. நான் திரும்பி உட்கார்ந்து, முதுகுப் பக்கம் ரவிக்கையைச் சற்று இறக்கிக் காட்டினேன். சிவப்பு இன்னும் ஆறவில்லை. ஒருபக்கம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. கடைக்காரருக்குத் தராசின் இரண்டு தட்டைப் பார்க்கத் தெரியாதா? வெகுநேரம் பார்த்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாளே கம்பெனிக்காரனை வரச் சொல்லி டிரம்மைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் கேரியரோடு போய் நின்ற நேரம் அது. அந்த ஆள் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இன்னா மொதலாளி, வூட்டம்மா டாக்டருக்குப் படிச்சுக்கிறாங்களா?"

"அஞ்சாங் கிளாஸ்தான்," என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா பரீட்சையை முதுகுல எழுதி பாஸ் பண்ணிட்டு வந்திருக்கா. டிரம்மைத் தூக்குலே."

அன்று மாதிரி அவரை எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

வைகாசி முடிவதற்குள் அரிப்பு நின்றது. நீர் வடிவது நின்றது. சொரசொரப்பு அடங்கிற்று. கறுப்பு மட்டும் போகவில்லை, அதற்கு நாளாகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் சம்பந்தி வீட்டுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க அண்ணாச்சி. கறுப்பு இன்னும் போகலையாமே?" என்றாராம். கறுப்பு போகாமல் அவர் மனசிலிருந்து பயம் போகாது.

ஆனியில் வளைகாப்பு வந்தது. கண்ணாடி வளையல் வாங்கத் தி.நகருக்குப் போவார்கள் எல்லோரும். எங்களுக்கென்ன, கடையே இருக்கிறது. பச்சையும் சிவப்புமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஐந்து வகைச் சாதமும் கட்டிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரம் போனோம். பெண்ணை அழைத்து வரப் போகிறோமா, பார்த்துவிட்டு வரப் போகிறோமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

கூடம் நிறையப் பெண்கள். மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள், தலை நிறையப் பூவோடு. சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "மதினி, நீங்க இங்கிருந்தே அட்சதை போட்டுடுங்க. பூசறது, வளையல் போடறதெல்லாம் மத்தவங்க பாத்துக்குவாங்க."

தலையை ஆட்டினேன். பழக்கம்.

அப்போது உள்ளேயிருந்து ஒருத்தி வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். டப்பாவில் விற்கிற சந்தனத்தூள். அது என்னைக் கடந்த மறு நொடி என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சந்தனத்துக்கு அடியில் அதே கஸ்தூரி வாசனை. அதை என் மகளின் இரண்டு கன்னத்திலும் கையிலும் வழித்துப் பூசுவார்கள். பிறகு எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய் வெயிலில் நின்று போட்டோ எடுப்பதாகப் பேச்சு. அவள் என் வயிற்றில் பிறந்தவள். என் தோல்தானே அவளுக்கும்?

முதல் சுமங்கலி கிண்ணத்தில் விரலை விட்டாள்.

"அதைப் பூசாதீங்க!"

யார் குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"தன்னால பூச முடியலன்னதும், யாருமே பூசக் கூடாதாம்," என்று மூலையிலிருந்து யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் போய் மகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். யார் பூசுவதானாலும் என்னைத் தாண்டித்தான் பூச வேண்டும்.

"என்ன சத்தம்?" என்று வராந்தாவில் இருந்த சம்பந்தி ஐயா வாசற்படிக்கு வந்தார். பாங்கில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்றைக்குத்தான் அவர் முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கன்னமும் கறுத்துத் தடித்திருந்தன. சட்டைக் காலருக்கு மேலே கழுத்தின் இரண்டு பக்கமும் அதே மாதிரி. கண்ணாடியில் தினமும் நான் பார்த்த முகம்.

"அண்ணாச்சி," என்றேன். "கொஞ்சம் தலையை மேலே தூக்குங்க."

என்ன நினைத்தாரோ, வாத்தியார் சொன்ன மாதிரி தலையைத் தூக்கிவிட்டார். தாடைக்கு அடியில் நல்ல தோல், சுத்தமாக இருந்தது.

"ஷேவ் பண்ணிட்டு என்ன தடவுவீங்க?"

"ஒரு லோஷன். மகன் வாங்கிக் கொடுத்தது."

"தடவிட்டு வெயில்ல போவீங்களா?"

"வாக்கிங் போவேன். அடையாறு பாலம் வரைக்கும் போயிட்டு, வெயில் ஏறத்தான் திரும்புவேன். ஏம்மா?"

"அதைக் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்க."

பாட்டில் வந்தது. மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. "நான் டாக்டர் இல்ல," என்றேன். "ஆனா இதே வாசனைதான் எனக்குச் செஞ்சது. முதுகுல ஒட்டி, வெளக்கு காட்டி, சோதிச்சுப் பாத்தாங்க. வெயில் படுற எடத்துல மட்டும் வரும். தாடைக்குக் கீழே வராது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கு. அந்த டாக்டரம்மாகிட்டப் போய்க் காட்டுங்க. இந்தச் சந்தனத்துலயும் அதே வாசனை வருது. அதனாலதான் வேண்டாம்னேன்."

என் ஆயுசில் அதற்கு முன்னால் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது கிடையாது.

சம்பந்தி ஐயா கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ரொம்ப நாளா உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டு இருந்தேன், பெரிய வியாதி ஏதாவது இருக்குமோன்னு," என்றார்.

"உஷ்ணம்னுல்ல எங்கிட்டச் சொன்னீங்க!" என்றார் சம்பந்தியம்மா.

"உங்கிட்ட வேற என்ன சொல்றது?" என்று அவர் சிரித்துவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார். "இந்தா பாரு. அவங்களுக்கு இருக்கிறது ஒட்டும்னா எனக்கு இருக்கிறதும் ஒட்டும். மருமகளை இங்கே வச்சுப் பிரசவம் பாக்கப்போறன்னா, அதுக்கு முன்னால என்னை எந்த ஊருக்கு அனுப்பப்போறன்னு சொல்லிடு. நான் பெட்டி கட்டணும்."

மூலையிலிருந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. மகளும் கண்ணில் நீரோடு சிரித்தாள். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று பூஜை அறைக்குள் போனார். போனவர் சந்தனக்கல்லையும் கட்டையையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இது ஆகுமா?"

"ஆகும். எனக்கு ஒட்டிப் பாத்தாச்சு."

"அப்ப நீங்களே அரைங்க மதினி. நீங்களே முதல்ல பூசுங்க."

உட்கார்ந்து அரைத்தேன். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருத்தியும் அவசரப்படுத்தவில்லை. வழித்து எடுத்து என் மகளின் கன்னத்தில் இரண்டு பக்கமும் பூசினேன். கறுத்த கையால்தான். பச்சை வளையலையும் சிவப்பு வளையலையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். குலவை போடச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் குலவையை இந்த மெட்ராஸுக்கு வந்து நான் போட்டதே இல்லை, வெட்கம். அன்று போட்டேன். தெருவில் போன சைக்கிள்காரன் இறங்கி நின்று பார்த்தானாம், என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அன்று சாயந்திரம் டாக்ஸியில் எங்கள் இருவருக்கும் நடுவே மகளை உட்காரவைத்து மயிலாப்பூருக்கு அழைத்து வந்தோம். தெருமுனையில் இஸ்திரிக்காரி வண்டிக்கு முன்னால் வந்து நின்று டாக்ஸியை மறித்தாள்.

"இட்டாந்துட்டியா? எறங்கு எறங்கு, வூடு வரைக்கும் நடந்தே போலாம். தெருவே பாக்கட்டும்!"

நடந்தே போனோம்.

சம்பந்தி ஐயாவும் அந்த டாக்டரம்மாவிடம் போனார். அவர் முதுகிலும் விளக்கு காட்டிய பக்கம்தான் சிவந்தது. லோஷனை விட்டார், மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. புரட்டாசியில் என் மகளுக்கு எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.

தொட்டில் போட்ட அன்று சம்பந்தியம்மா பெரிய கூடையோடு வந்தார். குழந்தைக்குச் சட்டை, துண்டு, வெள்ளி அரைஞாண், சோப்பு, பவுடர் டின். வாசலிலேயே நின்று, டின்னின் மூடியைத் திருகித் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மதினி, நீங்க பாத்துச் சொன்னாத்தான் உள்ள கொண்டு வருவேன்."

பின்னால் வந்த உறவுப் பெண்களும் தங்கள் கையில் இருந்ததைக் கொண்டுவந்து நின்றார்கள். இவர்கள்தான் அன்று மூலையிலிருந்து சிரித்தவர்கள். நான் டின்னை மோந்து பார்க்கவில்லை. மூடியை வாங்கித் திருகி மூடி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"என் பேத்திக்கு வாசனை எதுவுமே வேண்டாம் மதினி," என்றேன். கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். "நீங்க உள்ள வாங்க. வந்து பிள்ளையைத் தூக்குங்க."